உயிரோடு தெளிவும் வேண்டும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடலாகிய சுவர் இருந்தால்தான் அறிவு, கல்வி, தொழில், அன்பு ஆகிய சித்திரங்களைத் தீட்ட முடியும் என்பது அதன் பொருள். ஆனால் சுவரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் சித்திரத்தை மறந்துவிடுவோமானால், அந்தப் பழமொழியில் பாதியைத்தான் கற்றவர்கள் ஆவோம். எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்துண்டு உயிர் வாழும் மக்களின் உயிரைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். அவர்களுடைய நினைவைப் பற்றியும் சிந்தனையைப் பற்றியும் நாங்கள் இங்கு எழுத விரும்புகிறோம்.

“பள்ளி மலரில் எழுதத்தக்க பொருளா இது?” என்று சிலர் கேட்கலாம். மனப்பாடம் செய்வதும், மறப்பதும், தேர்வு எழுதுவதும், மதிப்பெண் பெறுவதும் எங்களுடைய அன்றாட வாழ்க்கை. ஒருவருடைய மூளையை மதிப்பெண்ணால் அளக்கும்போது எத்தனை தவறுகள் நேரக்கூடும் என்பதை மாணவியரைவிட நன்கு அறிந்தவர் யார்? ஆகவே இதைப் பற்றிப் பேச எங்களுக்கும் சிறிது உரிமை உண்டு என்று கருதுகிறோம்.

கடந்து வந்த பாதை

1981-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த விசித்திரமான நுரையீரல் நோயைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்று வெளியாயிற்று. எய்ட்ஸ் பற்றி உலகம் அறிந்த முதற் செய்தி அதுவே. 1983-இல் பாரிஸ் நகரிலுள்ள பாஸ்டர் ஆய்வகத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி என்னும் பெண் விஞ்ஞானியும் லூக் மோன்தாஞ்ஞியரும் அவர்கள் குழுவினரும் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தனர். அதற்காக அவ்விருவருக்கும் 2008-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இந்தியாவில் இக்கிருமி இருப்பது முதன்முதலில் 1986-ஆம் ஆண்டு நமது சென்னையில்தான் தெரியவந்தது. அதைக் கண்டறிந்தவர்களும் பெண்களே. சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவருடைய மாணவி நிர்மலா அவர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. “நம் நாட்டில் அந்நோய் வராது” என்று பலர் நம்பியிருந்த காலத்தில், “சோதித்துப் பார்ப்போமே” என்று துணிந்தவர்கள் அவர்கள்.

1987-இல் ஏ.இசட்.டி. என்னும் முதல் மருந்து வந்தது. ஆனால் ஒற்றை மருந்தைக் கிருமி விரைவில் வென்றுவிட்டது. 1996-ஆம் ஆண்டு வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகே மரணத்தின் வேகம் தணிந்தது. இந்திய அரசு 2004 ஏப்ரல் முதல் நாள் இலவசமாக இம்மருந்தை வழங்கத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளில் நமது தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. இன்று பலருக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை போதும். அதைத் தவறாமல் உண்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத நிலையை அடைந்தவரிடமிருந்து கணவன் மனைவி உறவின் வழியே தொற்று பரவுவதில்லை என்பதும் ஐயமற நிறுவப்பட்டுவிட்டது.

2024-ஆம் ஆண்டின் இறுதியில் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 8 இலட்சம் பேர் இக்கிருமியுடன் வாழ்ந்து வந்தனர். அவர்களில் 3 கோடியே 16 இலட்சம் பேர் மருந்து பெற்று வந்தனர். முன்பு முப்பது வயதைத் தாண்டுவோமா என்று அஞ்சியவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் காண்கின்றனர். இது மனித அறிவின் மாபெரும் வெற்றி என்றால் அது மிகையாகாது. இவ்வெற்றியே இப்போது ஒரு புதுக் கேள்வியையும் எழுப்பியிருக்கிறது. நெடுநாள் வாழும் இவர்களுடைய மூளை எப்படியிருக்கிறது?

மூளைக்குள் நடப்பது என்ன?

நமது மூளைக்கு இயற்கை ஒரு மதிலைக் கட்டியிருக்கிறது. இரத்தத்தில் ஓடும் எல்லாப் பொருள்களும் மூளைக்குள் நுழைந்துவிடாதபடி நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்களே அங்கு காவல் புரிகின்றன. ஆனால் எச்.ஐ.வி. கிருமி மாறுவேடம் பூண்ட பகைவனைப் போன்றது. நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு, தொற்று ஏற்பட்ட முதற்சில வாரங்களிலேயே மதிலைக் கடந்து மூளைக்குள் சென்றுவிடுகிறது.

உள்ளே சென்ற கிருமி, நாம் சிந்திப்பதற்கு உதவும் நரம்புச் செல்களை நேரே பிடிப்பதில்லை. மூளையின் காவற்காரர்களாகிய மைக்ரோக்ளியா போன்ற செல்களையே பிடிக்கிறது. பிடிபட்ட காவற்காரர்கள் அழற்சியை உண்டாக்கும் பொருள்களைச் சுரக்கின்றனர். அவையே அருகிலுள்ள நரம்புச் செல்களுக்கு ஊறு செய்கின்றன. மருந்து உண்ணத் தொடங்கியதும் கிருமி அடங்குகிறது. ஆயினும் அழற்சி முற்றிலும் அணைவதில்லை. சிலரிடம் அது நீறு பூத்த நெருப்பாக நீடிக்கிறது. மிக அரிதாகச் சிலருக்கு இரத்தத்தில் கிருமி தென்படாத போதும் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் அது காணப்படுவதும் உண்டு. மதிலைக் கடக்கும் ஆற்றல் எல்லா மருந்துகளுக்கும் ஒரே அளவாக இல்லை என்பதையும் மருத்துவர்கள் கவனிக்கின்றனர்.

கூட்டு மருந்து வருவதற்கு முன்னர், எய்ட்ஸ் முற்றியவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேர் வரை கடுமையான மறதி நோய்க்கு ஆளாயினர். பேச்சு தளர்ந்து, நடை தள்ளாடி, தம்மவரையே அறியாத நிலைக்குச் சென்றவர்கள் அவர்கள். இன்று முறையாக மருந்து உண்பவர்களிடம் அந்நிலை மிக அரிது. இன்று காணப்படுவது பெரும்பாலும் மெல்லிய தடுமாற்றமே. படித்த பக்கம் மனத்தில் நிற்பதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிக்க முடிவதில்லை. கணக்குப் பார்க்கக் கூடுதல் நேரம் ஆகிறது. அடுப்பில் வைத்த பால் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. பிறர் கண்ணுக்கு இது தெரியாது. அனுபவிப்பவருக்கு மட்டும் தெரியும்.

52 சதவீதம் என்னும் எண்

2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வைப் பற்றிக் கூறுவோம். ஆறு மருத்துவ மையங்களில் எச்.ஐ.வி. உள்ள 1,555 பேருக்கு நினைவு, கவனம், வேகம், கைத்திறன் முதலியவற்றைச் சோதிக்கும் தேர்வுகள் வைக்கப்பட்டன. அவர்களில் 52 சதவீதம் பேரிடம் குறைபாடு காணப்பட்டது! பத்திரிகைகளில் இந்த எண்ணைக் கண்டவர்கள், “மருந்து உண்டும் பாதிப் பேருக்கு மூளை பழுது” என்று எண்ணிக்கொண்டனர்.

ஆனால் அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. கடுமையான மறதி நோய் இருந்தவர்கள் வெறும் 2 சதவீதத்தினரே. அன்றாட வேலையில் ஓரளவு இடர்ப்பட்டவர்கள் 12 சதவீதத்தினர். மிகப் பெரிய பகுதியாகிய 33 சதவீதத்தினர், தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றார்களே தவிர வாழ்க்கையில் எந்தத் தொல்லையையும் உணராதவர்கள்! எஞ்சியோரின் குறைக்கு வேறு நோய்களும் காரணமாக இருந்திருக்கலாம் என்று கருதப்பட்டது.

இங்குதான் மாணவியராகிய எங்களுக்கு ஒன்று உறைக்கிறது. ஒரு வகுப்பில் ஏழு பாடங்களுக்குத் தேர்வு வைத்து, ஏதேனும் இரண்டு பாடங்களில் வகுப்புச் சராசரிக்கு ஓரளவு கீழே வந்தவர்களை எல்லாம் “மந்த புத்தி உடையோர்” என்று எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? நல்ல மாணவியர் பலரும் அந்தப் பட்டியலில் விழுவார்கள் அன்றோ? 2007-இல் வகுக்கப்பட்ட அளவுகோல் ஏறக்குறைய இத்தகையதே. அதே அளவுகோலைக் கொண்டு எந்த நோயும் இல்லாத மக்களை அளந்தால் அவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் குறையுள்ளவராகவே தெரிவார் என்று 2011-இல் சில அறிஞர்கள் சுட்டிக் காட்டினர். போதாக்குறைக்கு, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண்ணுக்கும் பட்டதாரிக்கும் ஒரே தாளைக் கொடுத்தால் விடையில் தெரிவது மூளையின் நிலையா, பள்ளிக்குச் சென்ற ஆண்டுகளின் எண்ணிக்கையா?

பல நாட்டு மருத்துவர்கள் கூடி ஆராய்ந்து 2023-இல் ஒரு பரிந்துரையை வெளியிட்டனர். தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றதை மட்டும் கொண்டு ஒருவருக்கு நோயின் பெயரைச் சூட்டக்கூடாது. அவருடைய கல்வி, சூழ்நிலை, பிற நோய்கள், அவரே உணரும் தொல்லை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். இதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். “இவர்களுக்குப் புத்தி சரியில்லை” என்ற ஒரு சொல், வேலையையும் பறிக்கும். சொத்தில் பங்கையும் பறிக்கும். பெற்ற பிள்ளையை வளர்க்கும் உரிமையையும் பறிக்கும். அத்தகைய சொல்லை ஒரு தாளின் மதிப்பெண்ணை நம்பிச் சொல்லிவிடலாமா?

மறதிக்குப் பல வேர்கள்

அப்படியானால் மறதியைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாமா? கூடவே கூடாது. மிகைப்படுத்துவது ஒரு தவறு என்றால் அலட்சியம் செய்வது அதைவிடப் பெரிய தவறு. மறதி உள்ளவர் மாத்திரையை மறக்கிறார். மாத்திரையை மறந்தால் கிருமி மீண்டும் தலைதூக்குகிறது. கிருமி தலைதூக்கினால் மூளைக்கு மேலும் ஊறு நேர்கிறது. இந்தச் சுழலை இடையிலேயே அறுக்க வேண்டும்.

அதற்கு முதலில் வேர் எது என்று காண வேண்டும். சிகிச்சை தொடங்குமுன் ஒருவருடைய சி.டி.4 அணுக்கள் எவ்வளவு தாழ்ந்திருந்தனவோ, அந்த அளவுக்குப் பிற்காலத்தில் நினைவுக் குறை ஏற்படும் வாய்ப்பு மிகுதி என்று ஆய்வுகள் கூறுகின்றன. காலம் தாழ்த்தாமல் சோதித்து, காலம் தாழ்த்தாமல் மருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமோ? சிலருக்கு மருந்தே காரணமாகலாம். முன்பு பரவலாக வழங்கப்பட்ட எஃபாவிரென்ஸ் என்னும் மாத்திரை சிலருக்குத் தலைச்சுற்றலையும் அச்சமூட்டும் கனவுகளையும் தந்தது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் டோலுடெக்ராவிர் என்னும் மருந்தை முதன்மையாகப் பரிந்துரைத்த பின் பல நாடுகளில் அது மாற்றப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கொழுப்பு ஆகியவை மூளையின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. காசநோய் மூளையுறையைத் தாக்கினால் அதன் வடு நிலைக்கலாம். குடிப்பழக்கமும் உறக்கமின்மையும் தம் பங்கைச் செய்கின்றன.

இவை அனைத்தையும்விட எங்கள் நெஞ்சைத் தொட்ட வேர் ஒன்று உண்டு. பழைய ஆய்வுகள் பலவற்றில் பங்கு பெற்றவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பிற்பாடு அமெரிக்காவில் பெண்களையே பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்த ஓர் ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள பெண்களில் மன உளைச்சல் மிகுந்தவர்களுக்குச் சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் ஆற்றல் குறைந்திருப்பது தெரியவந்தது. அந்த உளைச்சல் எங்கிருந்து வருகிறது? மாத்திரைப் புட்டியை அரிசிப் பானைக்குள் மறைத்து வைக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அண்டை வீட்டார் அறிந்தால் என்ன சொல்வார்களோ, வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்வாரோ, பிள்ளையைப் பள்ளியில் ஒதுக்குவார்களோ என்று இரவெல்லாம் அஞ்சுபவருக்கு உறக்கம் ஏது? உறக்கம் இல்லாதவருக்கு நினைவு ஏது? கிருமியை மருந்து அடக்குகிறது. ஆனால் நம்முடைய பழிச்சொல்லை அடக்கும் மாத்திரை எந்தக் கடையிலும் விற்பதில்லை. அது நம் கையில்தான் இருக்கிறது.

நம் வயதுப் பிள்ளைகள்

பிறக்கும்போதே இத்தொற்றைப் பெற்ற குழந்தைகளும் இருக்கின்றனர். வளரும் மூளைக்கு இக்கிருமி இன்னும் கொடியது. தென்னாப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2008-இல் வெளிவந்தது. பிறந்து 12 வாரங்களுக்குள் மருந்து தொடங்கப்பட்ட கைக்குழந்தைகளிடையே இறப்பு 76 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வைச் சேர்ந்த குழந்தைகளைப் பின்னர் சோதித்தபோது, முன்கூட்டியே மருந்து பெற்றவர்களின் மூளை வளர்ச்சியும் சிறந்திருந்தது 2012-இல் தெரிய வந்தது. சில வாரக் காலம் ஒரு குழந்தையின் கல்வியையே மாற்றிவிடுகிறது!

இத்தகைய பிள்ளைகள் இன்று வளர்ந்து பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயில்கின்றனர். சிலர் பாடத்தைப் புரிந்துகொள்ளச் சற்றுக் கூடுதல் நேரம் கேட்கலாம். மிகப் பலருக்கு எந்தக் குறையும் இல்லை. யாருக்கு என்ன நோய் என்று துருவி அறிய வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. பாடத்தில் பின்தங்கும் தோழி எவளாயினும் அவளுக்குக் கை கொடுப்பதே எங்கள் வேலை. 2017-இல் நாடாளுமன்றம் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமும், எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிக் கல்வியையோ வேலையையோ சிகிச்சையையோ மறுக்கலாகாது என்றும், ஒருவருடைய இரகசியத்தை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது என்றும் கூறுகிறது. ஆனால் அன்பு செய்யச் சட்டம் இயற்ற முடியாது. அதை நாமே பழக வேண்டும்.

எங்கள் விண்ணப்பம்

மருத்துவத் துறையினருக்கு முதலில் ஒரு விண்ணப்பம். மருந்து வாங்க வருபவரிடம் எடையையும் மாத்திரைகளின் எண்ணிக்கையையும் கேட்கும்போது, “நினைவு எப்படியிருக்கிறது? உறக்கம் வருகிறதா? மனம் சோர்ந்திருக்கிறதா?” என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். ஆங்கிலமும் உயர்கல்வியும் தெரியாதவர்க்கும் பயன்படும்படி 2005-இல் உகாண்டாவிலும் அமெரிக்காவிலும் சோதித்து வகுக்கப்பட்ட எளிய தேர்வு ஒன்று உண்டு. நாய், தொப்பி, அவரை, சிவப்பு என்று நான்கு சொற்களைச் சொல்லி, சிறிது நேரத்துக்குப் பின் திரும்பச் சொல்லச் சொல்வர்; இடையில் விரல்களை விரைவாகத் தட்டச் சொல்வர்; கையை முட்டியாகவும் விரித்தும் பக்கவாட்டிலும் வரிசையாக வைக்கச் சொல்வர். சில நிமிடங்களே ஆகும். இது தீர்ப்பு அன்று. மேலும் ஆராய வேண்டியவரைக் காட்டும் கைகாட்டியே. கைகாட்டியைத் தீர்ப்பாகக் கொள்ளாதவரையில் அது பெரிதும் உதவும்.

பெற்றோருக்கும் பெரியோருக்கும் ஒரு விண்ணப்பம். குடும்பத்தில் ஒருவருக்கு இத்தொற்று இருந்தால் அவரைத் தனியறையில் வைத்துப் பாதுகாப்பதாக எண்ணாதீர்கள். பேச்சுத் துணையும், மாலையில் ஒரு நடையும், வேளைக்கு உணவும் உறக்கமும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வதும் மூளைக்கு நல்ல காவல். மாத்திரையை நாள்வாரியாகப் பிரித்து வைக்கும் சிறு டப்பாவும், சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒரு கோடும் மறதிக்கு எளிய துணை. அவர் ஒன்றை மறந்தால் சிரிக்காதீர்கள். “இதற்கெல்லாம் அந்த நோய்தான் காரணம்” என்று குத்திக் காட்டாதீர்கள். தாமாகவே மருத்துவரிடம் சென்று சொல்லும் துணிவை அவருக்குக் கொடுங்கள்.

அன்புத் தோழியரே! 1986-இல் சென்னையில் ஒரு மாணவி தம் ஆசிரியை சொன்ன ஆய்வைத் துணிவோடு ஏற்று நடத்தியதால்தான் நம் நாடு விழித்துக்கொண்டது. இன்று அத்தனை பெரிய துணிவு நமக்குத் தேவையில்லை. தவறான செய்தியைக் கேட்கும்போது “அப்படியன்று” என்று சொல்லும் துணிவு போதும். மதிப்பெண்ணைக் கொண்டு மனிதரை எடை போடாத மனம் போதும். மறந்துவிட்டேன் என்று ஒருவர் சொல்லும்போது பொறுமையோடு மீண்டும் ஒருமுறை சொல்லும் அன்பு போதும். மருந்து உயிரைக் காக்கட்டும். அந்த உயிர் தெளிவோடும் மதிப்போடும் வாழ நாம் துணை நிற்போமாக!